450 டிரோன் ஃபிரேமுக்கு மோட்டார் முதல்லயா, ப்ராப் (ப்ராப்பெல்லர்) முதல்லயா? ஒரு மோட்டார் கருகிடுச்சு, வழி சொல்லுங்க

ஆலப்பாக்கம்_சவுக்கு · ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். ஊர் கடலூருக்குத் தெற்கால ஆலப்பாக்கம். எங்களுக்கு மூணு ஏக்கர் சவுக்குத் தோப்பு இருக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல தாத்தா வச்ச மரம் அத்தனையும் படுத்துடுச்சு. அப்புறம் அப்பா மறுபடி கன்னு நட்டு, ரெண்டு வெட்டு முடிஞ்சுது. இந்தத் தடவை வியாபாரி வந்து விலை பேசறதுக்கு முன்னாடி, எங்கெங்க இடைவெளி விழுந்திருக்கு, எத்தனை மரம் சாய்ஞ்சிருக்குன்னு மேலேருந்து படம் எடுத்து அப்பாகிட்ட காட்டணும். உள்ளே நடந்து எண்ணினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருது.

அதுக்குத்தான் டிரோன் கட்டினேன். எஃப்450 ஃபிரேம், ஏ2212 மோட்டார் 1400 கேவி, 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற சர்க்யூட்), 1045 ப்ராப், 3எஸ் 2200 பேட்டரி (மூணு செல், 2200 மில்லி ஆம்பியர்-மணி). கடையில 1000 கேவியும் இருந்துச்சு, விலை ஒண்ணுதான். 1400-ல சக்தி ஜாஸ்தி இருக்கும்னு நெனச்சு எடுத்தேன். கடைக்காரரும் அதையே சொன்னாரு.

ரெண்டு தடவை நல்லா பறந்துச்சு. மூணாவது தடவை, போன வாரம், காத்து கடல் பக்கமா தள்ளிடுச்சு. திருப்பிக் கொண்டுவரப் போராடிக்கிட்டிருக்கும்போதே பின்பக்க வலது மோட்டார் நின்னு, தோப்பு ஓரத்து மணல்ல விழுந்துச்சு. ஓடிப்போய் தொட்டா கை வைக்க முடியலை. வார்னிஷ் தீஞ்ச வாடை. நாலுல ஒரு ப்ராப் உடைஞ்சிருக்கு, மோட்டார் மாட்டற ஃபிரேம் கால் ஒண்ணுல விரிசல். கேமரா தப்பிச்சுது.

இப்ப நாலு மோட்டாரும் புதுசா வாங்கணும். கையில காசு அளவாத்தான் இருக்கு, இன்னொரு தடவை தப்பு பண்ண முடியாது. எந்தக் கம்பெனி மோட்டார் வாங்கலாம்?

அஞ்சு_இன்ச் · ஞாயிறு, இரவு 9:40

தம்பி, நான் முத்தியால்பேட்டை. என் கருத்து, 450 ஃபிரேமையே விட்டுடு. 5 இன்ச் ப்ராப் போடற ஃபிரேம், 2306 மோட்டார் 1750 கேவி, 6எஸ் பேட்டரி போடு. நம்ம கடலோரக் காத்துல அதுதான் நிக்கும். நான் நாலு வருஷமா அதுதான் ஓட்டறேன், எந்தக் காத்துலயும் திரும்பி வந்திருக்கு. பெரிய ப்ராப் போட்ட வண்டியெல்லாம் ஆடி மாசத்துல பட்டம் மாதிரி போயிடும்.

வில்லியனூர்_காயில் · ஞாயிறு, இரவு 10:25

தம்பிக்கு வணக்கம். நான் முப்பது வருஷமா வில்லியனூர்ல பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டறவன். என் பையன் டிரோன் பறக்க விடறான், அதனால இந்தச் சின்ன மோட்டாரும் எனக்குப் பழக்கம்.

கம்பெனி பேரு சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு. ஒண்ணு, விழறதுக்கு முன்னாடி திராட்டிலை (வேகம் கூட்டற குச்சியை) எவ்வளவு மேல தள்ளின, எவ்வளவு நேரம்? ரெண்டு, மோட்டார் உடம்புல 10டி, 13டின்னு ஏதாவது எழுதியிருக்கா? மூணு, பேட்டரி உப்பியிருக்கா?

கருகின மோட்டாரைத் தூக்கிப் போட்டுடாதே.

ஆலப்பாக்கம்_சவுக்கு · திங்கள், காலை 6:50

ஐயா, திராட்டில் முழுசா மேலதான் இருந்துச்சு. ஒரு நிமிஷத்துக்கு மேலயே இருக்கும், பயத்துல கையை எடுக்கவே இல்லை. மோட்டார்ல 10டின்னு இருக்கு. பேட்டரி லேசா உப்பியிருக்கு, இப்ப நீங்க கேட்டதும்தான் பார்த்தேன்.

வில்லியனூர்_காயில் · திங்கள், மதியம் 1:30

முதல்ல அந்த பேட்டரியைச் சார்ஜ் போடாதே. வீட்டுக்குள்ளயும் வைக்காதே. மண்தொட்டியில மணல் மேல வச்சு வெளியில வை.

இப்ப மோட்டார் விஷயம். பலபேர் தப்பா புரிஞ்சுக்கிற இடம் இது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

2212-ன்னா உள்ளே இருக்கிற ஸ்டேட்டர் 22 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் உயரம். மோட்டாரோட வலு அந்த அளவுலதான் இருக்கு. கேவிங்கறது வலு இல்லை. சுமை இல்லாம சுத்தும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கறதுதான் அது. 10டின்னா ஒவ்வொரு பல்லுலயும் 10 சுத்து கம்பி. இந்த ஏ2212-லயே 13 சுத்து கட்டினது 1000 கேவி, 10 சுத்து கட்டினது 1400 கேவி, 6 சுத்து கட்டினது 2200 கேவின்னு விக்கறாங்க. சுத்தையும் கேவியையும் பெருக்கிப் பாரு: 13000, 14000, 13200. கிட்டத்தட்ட ஒரே எண்தான் வருது. ஏன்னா காந்தமும் இரும்பும் ஒண்ணே. சுத்து குறைஞ்சா வேகம் ஏறும், சுத்து கூடினா வேகம் இறங்கும். அவ்வளவுதான். 1400-ல இருக்கிற செம்பும் 1000-ல இருக்கிற செம்பும் எடையில ஏறக்குறைய சமம்.

நீ முதல் ரெண்டு தடவை நல்லா பறந்ததுக்குக் காரணமும் இதுதான். ஒரே இடத்துல நிக்கும்போது அந்த ப்ராப் எவ்வளவு வேகமா சுத்தணுமோ அவ்வளவுதான் சுத்தும், ஈஎஸ்சி வெட்டிக் குறைச்சுக் கொடுத்துடும். அப்ப 1400-ம் கருகாது, 1000-ம் கருகாது. முழு திராட்டில் கொடுக்கறப்பதான் ஆபத்து. அப்ப மோட்டாருக்கு முழு வோல்ட் போகுது. 1000 கேவிக்குப் பொருந்தற 1045 ப்ராப்பை 1.4 மடங்கு வேகத்துல சுத்தப் பார்க்குது. ப்ராப் இழுக்கிற சக்தி, வேகத்தோட மூணு மடிப் பெருக்கத்துல ஏறும். 1.4-ஐ மூணு தடவை பெருக்கினா 2.74. அந்த வேகத்தை அது முழுசா எட்டாது, சுமையில இறங்கிடும்தான். ஆனா எட்டப் பார்த்தே ரெண்டு மடங்கு ஆம்பியர் தின்னும். அந்தச் சூடு போறதுக்கு வழியில்லாம எனாமல் உருகி, பக்கத்துப் பக்கத்துக் கம்பி ஒட்டிக்கும். நீ ஒரு நிமிஷம் பிடிச்சிருக்கே. அந்த வார்னிஷ் வாடையே சொல்லுது.

உன் பேட்டரி உப்பினதும் அதனாலதான். நாலு மோட்டாரும் சேர்ந்து இழுத்ததை 2200 பேட்டரி தாங்கலை.

முதுநகர்_துறை · திங்கள், மாலை 5:05

நான் கடலூர் முதுநகர், அப்பா தாத்தா காலத்துலேருந்து படகுத் தொழில். ஐயா சொன்னது எங்க ஃபைபர் போட்டுக்கும் அப்படியே பொருந்துது. அதே டீசல் என்ஜினுக்குப் பெரிய ப்ராப்போ, சரிவு ஜாஸ்தியான ப்ராப்போ மாட்டினா, என்ஜின் தன்னோட வேகத்தை எட்டாது. கரும்புகை கக்கும், தண்ணி சூடாகும், டீசல் தின்னும். அதைப் பார்த்துட்டு இன்னும் திராட்டில் கொடுக்கறவன் என்ஜினைக் கொன்னுடுவான். சின்னதா மாட்டினா என்ஜின் சும்மா அலறும், போட்டு போகாது. அதனால எங்க துறையில என்ஜின் வாங்கும்போதே, எந்த ப்ராப்புன்னு மெக்கானிக் சேர்த்துத்தான் சொல்லுவாரு. ரெண்டையும் தனித்தனியா யாரும் வாங்க மாட்டாங்க.

1045-ன்னா என்ன? 10 இன்ச் குறுக்களவு, 4.5 இன்ச் சரிவுன்னு நான் புரிஞ்சிருக்கேன். சரியா?

பாகூர்_ஏரி · திங்கள், இரவு 8:30

சரிதான் அண்ணா. ஒரு முழுச் சுத்துக்கு 4.5 இன்ச் முன்னேறணும்னு கணக்கு. காத்துல நழுவும், ஆனா அடிப்படை அதுதான்.

நான் புதுச்சேரியில பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் லேப் பார்க்கறேன். தம்பி, "எந்த மோட்டார்"னு தொடங்கினதாலதான் இவ்வளவு சிக்கல். கேள்வியைப் பின்பக்கமா திருப்பணும். மொத்த எடை என்ன? அந்த எடையைத் தூக்க உன் ஃபிரேம் இடம் கொடுக்கிற பெரிய ப்ராப் எது? அந்த ப்ராப்பை உன் பேட்டரி வோல்ட்ல சரியான வேகத்துல சுத்த எத்தனை கேவி? அது முழு திராட்டில்ல எத்தனை ஆம்பியர் இழுக்கும்? அதுக்கு ஏத்த ஈஎஸ்சி, அதுக்கு ஏத்த பேட்டரி. மோட்டார் இந்த வரிசையில மூணாவதாத்தான் வருது. கம்பெனி பேரு கடைசியிலதான்.

அதனால முதல்ல எடை போடு. ஒவ்வொண்ணா, திருகாணி வரைக்கும். மதிப்புல சொல்லாதே, தராசுல வச்சுச் சொல்லு.

ஆலப்பாக்கம்_சவுக்கு · செவ்வாய், இரவு 7:45

அக்கா, அம்மா மாவு நிறுக்கிற தராசுல வச்சுப் பார்த்தேன். ஃபிரேம் 280 கிராம். மோட்டார் நாலும் 220. ஈஎஸ்சி நாலும் 100. ப்ராப்பும் நட்டும் 50. கண்ட்ரோலர், ரிசீவர், ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்து 100. பேட்டரி 180. கேமராவும் அதைப் பிடிக்கிற தட்டும் 150. வயர், கிளிப், டேப், வெல்க்ரோ எல்லாம் ஒரு தட்டுல வச்சா 70 வந்துச்சு, இவ்வளவு வரும்னு நெனக்கவே இல்லை. மொத்தம் 1150 கிராம்.

பாகூர்_ஏரி · செவ்வாய், இரவு 10:10

அருமை. இனிமே எல்லாமே கணக்குதான்.

1150 கிராமை நாலா பிரிச்சா ஒரு மோட்டார் சும்மா நிக்கறதுக்கே சுமார் 290 கிராம் தூக்கணும். படம் எடுக்கிற வண்டிக்கு முழு திராட்டில்ல எடையைப் போல ரெண்டு மடங்காவது தூக்குவிசை வேணும், நம்ம காத்துக்கு அதுக்கும் மேல இருந்தா நல்லது. அப்ப ஒரு மோட்டாருக்கு 650, 700 கிராம் குறி வச்சுக்கோ.

ப்ராப்புக்கு வருவோம். எஃப்450-ல மூலைக்கு மூலை 450 மில்லிமீட்டர். பக்கத்துப் பக்கத்து மோட்டாருக்கு நடுவுல 318. 10 இன்ச் ப்ராப் 254 மில்லிமீட்டர், நடுவுல 64 மிச்சம். 12 இன்ச் போட்டா 305, மிச்சம் 13 தான். உரசாதுதான், ஆனா கால் கொஞ்சம் வளைஞ்சாலே ஒண்ணை ஒண்ணு வெட்டும், நடுவுல இருக்கிற தட்டு மேலயும் காத்து அடிக்கும். அதனால 10 இன்ச்.

ஏன் பெரிசு வேணும்? கொஞ்சம் காத்தை வேகமா தள்ளறதை விட நிறைய காத்தை மெதுவா தள்ளறது மின்சாரத்துக்கு மலிவு. அதே எடையைத் தூக்கும்போது ப்ராப் குறுக்களவு பாதியானா, தேவைப்படற சக்தி ரெண்டு மடங்காகும். இது எந்த கம்பெனி மோட்டாராலயும் மாத்த முடியாத விஷயம்.

நேத்து சாயங்காலம் லேப்ல சோதிச்சுப் பார்த்தேன். கனமான பலகையில மோட்டாரை முடுக்கி, காத்து மேல் பக்கமா போற மாதிரி ப்ராப்பை மாட்டி, அந்தப் பலகையை சமையல் தராசு மேல வச்சேன். அப்ப விசை தராசைக் கீழே அழுத்தும். காத்தைக் கீழ்ப்பக்கமா விட்டா மேசையில மோதித் திரும்பி எண்ணைக் கெடுத்துடும். ஃபேனை நிறுத்தினேன். ப்ராப் சுத்தற தளத்துல யாரும் நிக்காம பார்த்துக்கிட்டேன், இது கட்டாயம். வாட் மீட்டரைப் பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவுல போட்டேன்.

1000 கேவி, 1045, 3எஸ்: 300 கிராம் வரும்போது 3 ஆம்பியர். 500 கிராம் வரும்போது 6.5. முழு திராட்டில்ல 720 கிராம், 12.5 ஆம்பியர்.

அப்புறம் 1400 கேவியில 8 இன்ச் ப்ராப் போட்டேன். அந்த மோட்டாருக்கு 3எஸ்-ல பொருந்தறது அதுதான். 300 கிராமுக்கு 4 ஆம்பியர் இழுத்துச்சு. அதே எடை, மூணுல ஒரு பங்கு கூடுதல் மின்சாரம். உன் மிச்ச மூணு மோட்டாரை 8 இன்ச் போட்டு ஓட்டலாம், தப்பில்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் பேட்டரியில ரெண்டு நிமிஷத்துக்கு மேல விட்டுக்கொடுக்கணும்.

நேரக் கணக்கு: நாலு மோட்டாரும் 290 கிராம் தூக்க சுமார் 12 ஆம்பியர். 2200 பேட்டரியில 80 சதவீதம்தான் எடுக்கணும், அது 1.76 ஆம்பியர்-மணி. ஒன்பது நிமிஷம் வரும். 3300 போட்டா எடை 80 கிராம் கூடும், இழுப்பு 13-க்கு மேல போகும், நேரம் 12 நிமிஷம் கிட்ட. 5000 போட்டா 15 நிமிஷத்தைத் தாண்டும், ஆனா எடை 1350 ஆகி, தூக்குவிசை ரெண்டு மடங்கை ஒட்டி வந்துடும். ஆடிக் காத்துக்கு அது போதாது. நான் 3300 தான் சொல்லுவேன்.

அஞ்சு_இன்ச் · புதன், காலை 7:20

அக்கா, கணக்கை மறுக்கலை. ஆனா காத்தைப் பத்தி யாரும் பேசலை. 1045 ப்ராப் 7000 சுத்துல சுத்துதுன்னு வச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு 7000 தடவை 4.5 இன்ச், அதாவது நொடிக்கு சுமார் 13 மீட்டர். காத்து அந்த அளவு வேகமா அடிச்சா, எதிர்த்து முன்னேறறது ரொம்பக் கஷ்டம். என் 5 இன்ச் ப்ராப் அதே 4.5 சரிவுல 20000 சுத்து சுத்துது. நொடிக்கு 38 மீட்டர். தம்பி வண்டி கடலுக்குப் போனது கேவி தப்பால மட்டும் இல்லை. உடம்பு பெரிசு, காத்து பிடிக்கிற பரப்பு பெரிசு. அந்தப் பையன் கேமராவைக் கடல்ல விடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

பாகூர்_ஏரி · புதன், இரவு 9:00

நீங்க சொல்றது நியாயம். காத்தை எதிர்த்துத் திரும்பி வர்றதுல உங்க வண்டிதான் கெட்டி. ஆனா 1150 கிராமை 5 இன்ச் ப்ராப்ல தூக்கி ஒரே இடத்துல நிறுத்தினா, மேல சொன்ன கணக்குப்படி இழுக்கிற வாட் ரெண்டு மடங்கு. பறக்கிற நேரம் பாதி. தம்பிக்குத் தேவை மூணு ஏக்கரை மேலேருந்து மெதுவா, ஆடாம, கோடு கோடா எடுக்கிறது. அதுக்கு மெதுவா சுத்தற பெரிய ப்ராப் நல்லது. நீங்க ஓட்டற வேலை வேற, அவன் செய்யற வேலை வேற.

காத்துக்கு என் பதில், காத்து இல்லாத நேரத்துல பறக்கறது. ஆலப்பாக்கம் பக்கம் காத்து எந்நேரம் அடங்கும்னு முதுநகர் அண்ணா சொன்னா இன்னும் நல்லா இருக்கும்.

முதுநகர்_துறை · வியாழன், அதிகாலை 4:40

கடலுக்குப் போறதுக்கு முன்னாடி எழுதறேன். ஆனி, ஆடியில மேற்கேருந்துதான் காத்து. பகல் ஏற ஏற வலுக்கும், கரையிலேருந்து கடலைப் பார்த்து அடிக்கும். தம்பி வண்டியைத் தள்ளினது அதுதான். பங்குனி, சித்திரையில மதியத்துக்கு மேல கடல்காத்து உள்பக்கமா வரும். எந்த மாசமானாலும் விடிஞ்சு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அமைதியா இருக்கும். சவுக்கு இலை அசையாம நிக்குதான்னு பாரு, அது போதும். கிளம்பும்போது காத்துக்கு எதிரா போ, திரும்பும்போது காத்து கொண்டுவந்து விடும். நாங்க பாய் விரிச்ச காலத்துலேருந்து அப்படித்தான்.

இன்னொண்ணு. கடற்கரை மணல்ல கறுப்புத் துகள் இருக்கும், காந்தத்துல போய் ஒட்டிக்கும். என் தம்பி வண்டி தேவனாம்பட்டினத்துல ஒருதடவை மணல்ல இறங்கி, மோட்டார் கறகறன்னு அரைச்சுது. ஊதினா வரலை, தட்டினா வரலை. செல்லோ டேப்பைக் குச்சியில சுத்தி, பசை வெளிப்பக்கம் வர்ற மாதிரி, காந்தத்தை ஒட்டி ஒட்டி எடுத்தோம். ஒரு மோட்டாருக்கு அரைமணி நேரம் ஆச்சு. அதுலேருந்து பழைய தார்ப்பாய் விரிச்சுத்தான் ஏத்தறோம், இறக்கறோம். பறந்து முடிச்சதும் உப்பு பிடிக்காம காஞ்ச பிரஷால தொடைச்சு, பேரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

ஆலப்பாக்கம்_சவுக்கு · சனி, இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. 1000 கேவி 13டி மோட்டார் நாலும், 1045 ப்ராப் ரெண்டு செட்டும், 3300 பேட்டரியும் வாங்கிட்டேன். இன்னைக்கு மாட்டினேன். ஒரு சந்தேகம். புது மோட்டார் ஒண்ணைக் கையால சுத்தினா லேசா தடுக்குது, மத்த மூணும் சீராப் போகுது. ஏதாவது குறையா?

வில்லியனூர்_காயில் · சனி, இரவு 8:32

பவர் கொடுக்காதே! திருகாணியைக் கழட்டி நீளம் பாரு. ஃபிரேம் காலோட கனம் போக மோட்டாருக்குள்ள ரெண்டரை, மூணு மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. நீளமா இருந்தா நுனி காயில்ல இடிக்கும். எனாமல் உரிஞ்சிருந்தா முதல் திராட்டில்லயே ஈஎஸ்சியும் சேர்ந்து போயிடும். மல்ட்டிமீட்டரைக் கன்டினியூட்டியில வச்சு, ஒரு முனை திருகாணித் தலையில, இன்னொரு முனை மோட்டார் வயர் ஒவ்வொண்ணுலயும் வை. பீப் வரவே கூடாது.

ஆலப்பாக்கம்_சவுக்கு · சனி, இரவு 9:20

ஐயா, அந்த ஒரு கால்ல மட்டும் விரிசல் விட்டதுக்குப் பதிலா மாத்தின புதுக் கால். அது பழசை விட மெலிசு! அதே திருகாணி உள்ளே கூடுதலா போயிருக்கு. கழட்டிப் பார்த்தேன், காயில் மேல சின்னக் குழி மாதிரி தடம், செம்பு தெரியலை. பீப் வரலை. வாஷர் போட்டு முடுக்கினேன், இப்ப மத்த மூணு மாதிரியே சுத்துது. நீங்க எட்டரைக்குப் பதில் போடலைன்னா நான் பேட்டரி மாட்டியிருப்பேன்.

பாகூர்_ஏரி · சனி, இரவு 9:50

நல்ல வேளை. பறக்கறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு. ப்ராப்ல 1045-ன்னு எழுத்து இருக்கிற பக்கம் வானத்தைப் பார்க்கணும். ரெண்டு ப்ராப் வலது சுத்து, ரெண்டு இடது சுத்து. மோட்டார் தப்புப் பக்கம் சுத்தினா, மூணு வயர்ல ஏதாவது ரெண்டை மாத்திப் போடு. இந்தச் சோதனை எல்லாம் ப்ராப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான். ப்ராப் ஒவ்வொண்ணையும் மெல்லிய கம்பியில கோத்துச் சமன் பாரு, ஒரு பக்கம் சாய்ஞ்சா இலேசான பக்கத்து இறகோட அடியில சின்னத் துண்டு டேப் ஒட்டு. சமன் இல்லாத ப்ராப் இருந்தா உன் படமெல்லாம் ஜெல்லி மாதிரி நெளியும்.

அஞ்சு_இன்ச் · ஞாயிறு, காலை 10:05

தம்பி, ஆலப்பாக்கம் லாசுப்பேட்டை விமான நிலையத்துலேருந்து ரொம்பத் தூரம், உனக்குக் கவலை இல்லை. ஆனா இதைப் படிக்கிற புதுச்சேரிக்காரங்களுக்காகச் சொல்றேன். 2021 டிரோன் விதிகள்படி இயங்கற விமான நிலையத்தோட எல்லையிலேருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைக்கும் 200 அடிக்கு மேல அனுமதி இல்லாம போகக் கூடாது. அதுக்கும் உள்ளே எந்த உயரத்துக்கும் அனுமதி வேணும். ஊருக்குள்ள பெரும்பகுதி அதுலதான் வருது. பச்சை மண்டலத்துலயும் (முன் அனுமதி தேவையில்லாத பகுதி) 400 அடிதான் உச்சம். 250 கிராமுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ வகை, வியாபாரத்துக்கு இல்லாம ஓட்டினா பைலட் சான்றிதழ் வேண்டாம். கிளம்பறதுக்கு முன்னாடி வரைபடத்தைப் பார்த்துடுங்க.

அப்புறம், ஒரே இடத்துல நின்னு படம் எடுக்கிற வேலைக்கு அக்கா சொன்னதுதான் சரி. ஒத்துக்கறேன்.

ஆலப்பாக்கம்_சவுக்கு · அடுத்த ஞாயிறு, காலை 9:30

இன்னைக்குக் காலையில பறந்துச்சு. ஆறு மணிக்கே தார்ப்பாய் விரிச்சு நானும் அப்பாவும் காத்திருந்தோம். இலை அசையலை. மேற்கு வேலியிலேருந்து தொடங்கி, 40 மீட்டர் உயரத்துல கோடு கோடா ஓட்டினேன். பத்தரை நிமிஷத்துல இறக்கினேன், ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் இருந்துச்சு. இறக்கின உடனே நாலு மோட்டாரையும் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். கையை எடுக்காம பிடிச்சுக்க முடிஞ்சுது.

படத்தைப் பெரிய திரையில போட்டதும் அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. வாய்க்கால் ஓரமா தெற்கு மூலையில ஒரு பட்டை முழுக்க மரம் சாய்ஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கு. கீழே நடக்கும்போது அந்த இடத்துல முள்ளு மண்டியிருக்கிறதால நாங்க உள்ளேயே போனதில்லை. மத்த இடத்துல நாங்க பயந்த அளவுக்கு இடைவெளி இல்லை. இப்ப ரெண்டு பேரும் பிரிண்ட் எடுத்துப் பேனாவால எண்ணிக்கிட்டு இருக்கோம்.

ஐயா, அந்தக் கருகின மோட்டார் இன்னும் டப்பாவுல இருக்கு.

வில்லியனூர்_காயில் · அதே நாள், மதியம் 12:15

எடுத்துக்கிட்டு வா. ஸ்டேட்டர்ல 12 பல்லு, வெளியில 14 காந்தம். ஒரு ஃபேஸுக்கு நாலு பல்லு: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு, ஒண்ணு வலம், ஒண்ணு இடம். அதுக்கு நேர் எதிர்ல இன்னும் ரெண்டு. மூணு ஃபேஸ் முடிஞ்சா கட்டி முடிஞ்சுது. பம்ப் மோட்டார்ல ஸ்டார், டெல்டா பார்க்கிற மாதிரிதான் இதுலயும் முனை சேர்க்கணும். அதே செட்ல மிச்சமிருக்கிற மோட்டார் ஒண்ணையும் கொண்டுவா, எப்படிச் சேர்த்திருக்கான்னு பிரிச்சுப் பார்த்து அதே மாதிரி கட்டுவோம். மாத்திச் சேர்த்தா கேவி 1.73 மடங்கு தள்ளிப் போயிடும்.

10 சுத்துக்குப் பதிலா 13 சுத்து. நீயே கட்டு, நான் பக்கத்துல இருக்கேன்.

ஆலப்பாக்கம்_சவுக்கு · புதன், இரவு 10:40

வில்லியனூர் போய் வந்துட்டேன். கருகின கம்பியை உரிக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு. பல்லு ஓரத்துல எனாமல் உரியாம இருக்க ஐயா மெல்லிய இன்சுலேஷன் தாள் வெட்டிக் கொடுத்தாரு. 28 கேஜ் கம்பி ரெண்டு இழை சேர்த்து 13 சுத்து. முதல் பல்லுல கம்பி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு, பிரிச்சு மறுபடி கட்டினேன். நாலாவது பல்லுக்கு அப்புறம் கை பழகிடுச்சு. வார்னிஷ் போட்டு அவர் கடை விளக்கு அடியிலயே காய வச்சோம்.

அப்புறம் ட்ரில் மிஷின்ல மாட்டி 2800 சுத்துல சுத்தி, ரெண்டு வயருக்கு நடுவுல ஏசி வோல்ட் பார்த்தோம். புது 1000 கேவி மோட்டார் 1.96 காட்டுச்சு. நான் கட்டினது 1.88.

வில்லியனூர்_காயில் · புதன், இரவு 11:05

14 சுத்து போட்டிருந்தா சரியா வந்திருக்கும். 1400-ஐப் பத்தால பெருக்கி 14-ஆல வகுத்தா 1000. அந்த எண்ணை நானே முன்னாடி எழுதியும் கவனிக்காம விட்டேன். பரவாயில்லை, இந்த வித்தியாசத்தைக் கண்ட்ரோலர் சமாளிச்சுக்கும். ஒரு மோட்டார் போனா அந்த இடத்துல மாட்டிக்க. வயர்ல "13, கையால" ன்னு சீட்டு ஒட்டி வை.

ஆலப்பாக்கம்_சவுக்கு · புதன், இரவு 11:12

ஒட்டிட்டேன் ஐயா.